செம்புக்கு வந்த வாழ்வு

எங்கள் வீட்டில் தங்கத்தைச் சோதிக்க ஒரே கருவிதான்: அம்மாவின் கண். "வெளுத்திருக்கு" என்றால் வெள்ளி கூடிவிட்டது. "செவந்திருக்கு" என்றால் செம்பு கூடிவிட்டது. "ஏதோ இருக்கு" என்றால் அது நாத்தனார் நகை.

சுத்தத் தங்கம் 24 காரட். அதில் வளையல் செய்து போட்டால், மாவு பிசைவதற்குள் நெளிந்துவிடும். அதனால் 22 பங்கு தங்கத்தோடு 2 பங்கு செம்பும் வெள்ளியும் சேர்க்கிறார்கள். அதுதான் 916. எட்டு கிராம் பவுனில் தங்கம் 7.33 கிராம். கல்லை இறுகப் பிடிக்க இன்னும் கடினம் வேண்டும் என்பதால், வைர நகைகள் பெரும்பாலும் 18 காரட், அதாவது 750. அங்கே எட்டுக்கு ஆறுதான் தங்கம்.

1963-ல் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய், 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார். பொற்கொல்லர்கள் பிழைப்பில் மண் விழுந்ததுதான் மிச்சம். ஜனங்களின் 22 காரட் மோகம் அரைக்கால் மாற்றுகூடக் குறையவில்லை. மொரார்ஜி சட்டம் போட்டும் முடியாததை, இன்றைய நகைக்கடைக்காரர்கள் ஏசி போட்டு முடித்துவிட்டார்கள்.

அண்ணன் மகள் மோதிரம் வாங்கப் போனபோது அதைக் கண்ணால் பார்த்தேன். அவள் எடுத்தது ரோஸ் கோல்டு, 18 காரட். அம்மா அதை வாங்கிக்கொண்டு வெயிலில் நிறம் பார்க்க வாசலுக்கு நடந்தார். செக்யூரிட்டியும் பின்னாலேயே நடந்தார்.

"இதுல செம்பு எவ்வளவு தம்பி?"

"கால் பங்கு கலப்பு பாட்டி, அதுல பெரும்பகுதி செம்புதான். இப்ப இதான் டிரெண்டு."

"எங்க ஊரு ஆசாரி இந்த நெறத்துல தோடு கொண்டுவந்தப்ப, எங்கம்மா செய்கூலியே குடுக்கல. நீங்க சேதாரமும் சேத்துல்ல கேக்கறீங்க!"

கடைப்பையன் அவசரமாக வெள்ளைத் தங்கத்தைக் காட்டினான். பல்லேடியமோ நிக்கலோ கலந்து வெளுக்கவைத்து, மேலே ரோடியம் முலாம் பூசுவார்கள். முலாம் தேய்ந்தால் மறுபடி பூச வேண்டும். அம்மா கேட்டார்: "வெள்ளி மாதிரி தெரியறதுக்கு வெள்ளியே வாங்கலாமே?" அதற்கு அவனுக்குப் பயிற்சி தரவில்லை போலும்.

பேத்தி விடவில்லை. மோதிரத்தின் உட்புறத்தில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) முத்திரை, 18கே750, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யூ.ஐ.டி. மூன்றையும் காட்டினாள். 2023 ஏப்ரல் 1 முதல் இந்தக் குறியீடு இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக்கூடாது. பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைத் தட்டினாள். தூய்மை, நகை வகை எல்லாம் வந்தன. அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "கவர்மென்டே செம்புன்னு எழுதிக் குடுத்துடுச்சு, அப்புறமென்ன?" என்றார்.

அடுத்த மாதம் ஒரு கல்யாணம். பந்தியில் அத்தை மோதிரத்தைப் பிடித்துப் பார்த்து, "என்னடி, கவரிங்கா?" என்றார்.

பேத்தி வாயைத் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டார்: "ரோஸ் கோல்டு அண்ணி. இப்ப பெரிய எடத்துல எல்லாம் இதைத்தான் போடறாங்க. இந்த மஞ்சளையெல்லாம் யாரு சீந்தறா?"

அத்தை தன் பத்துப் பவுன் சங்கிலியை முந்தானைக்குள் தள்ளிக்கொண்டார்.