இறுதி மீட்டல் சேர்

ஓ.எல். பரீட்சை நெருங்க, யாழ்ப்பாணத்து மதில்களில் ஒருவர் கைகட்டிச் சிரிக்கத் தொடங்குவார். படத்துக்குக் கீழே ‘விஞ்ஞானம்: இறுதி மீட்டல் கருத்தரங்கு’. பள்ளிக்கூடம் இரண்டு வருடமாகப் படிப்பித்ததை ஒரே பகலில் முடித்துத் தருவார். இடையில் பிளேன்ரீயும் உண்டு.

அவசரத்துக்குக் காரணம் சட்டம். பரீட்சைக்குச் சில நாள் முன்னர், ஒரு நள்ளிரவோடு ரியூசன், கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் எல்லாவற்றையும் பரீட்சைத் திணைக்களம் தடை செய்துவிடும். 1968ஆம் ஆண்டுப் பொதுப் பரீட்சைச் சட்டத்தின் உபயம். ஆகவே கடைசி நாள் சேர் மைக்கைக் கீழே வைக்கமாட்டார்.

தகரக் கொட்டில். வாங்கு நிறையப் பிள்ளைகள்.

“ஆர்முடுகல் எண்டா?”

“வேகமாற்ற வீதம்!”

“உந்தம்?”

“திணிவு தர வேகம்!”

அடுத்தது மாப்பொருள் சோதனை. “இலையை மதுசாரத்திலை அவிக்கேக்கை ஏன் நேரை நெருப்பிலை வைக்காமல் சுடுதண்ணிக்குள்ளை வைக்கிறம்? மதுசாரம் கெதியாத் தீப்பிடிக்கும். இதைக் கட்டாயம் எழுதுங்கோ, புள்ளி இருக்கு.”

பின்வாங்கிலிருந்து ஒரு குரல்: “சேர், மதுசாரம் எண்டா சாராயமோ?”

“அப்பிடிப் பேப்பரிலை கேக்கமாட்டான். கீழை கோடு போடு.”

சேரின் விஞ்ஞானம் முழுவதும் அந்தப் பதிலுக்குள் அடக்கம். முதற் பத்திரத்தில் 40 பல்தேர்வு வினா, ஒரு மணித்தியாலம். அதில் வராத எதுவும் இயற்கையில் நடப்பதில்லை. கல்சியம் காபனேற்றோடு அமிலம் சேர்ந்தால் காபனீரொட்சைட்டு வரும் என்று கொட்டிலே அதிரும். அதே கல்சியம் காபனேற்றுத்தான் வீட்டுக் கேத்திலுக்குள் வெள்ளையாய்ப் படிந்திருக்கிறது. சுண்ணக்கல் நிலம், வன்னீர்க் கிணறு, வேறென்ன படியும்? அம்மா தேசிக்காய்ப் புளி விட்டு ஊறவைக்க, மெல்ல நுரைக்கும். பிள்ளையோ குசினிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சமன்பாட்டைப் பாடமாக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வைத்தியர் கிறீன் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்த மானிப்பாயும் இதே குடாநாட்டில்தான். அவருடைய மாணவர்கள் ‘எதிர்பார்ப்பு வினா’ கேட்டிருந்தால் நோயாளிகளின் பாடு திண்டாட்டம்தான்.

சேரின் புகழ் ‘வரும்’ என்ற ஒற்றைச் சொல்லில் நிற்கிறது. “தூரப்பார்வை இந்த முறை வரும். வில்லை படம் கீறிப் பழகுங்கோ.” வந்தால் அடுத்த வருடச் சுவரொட்டியில் படம் பெரிதாகும். வராவிட்டால் பேப்பர் செய்தவனுக்குப் பாடத்திட்டம் தெரியாது. இரண்டிலும் சேருக்கு நட்டமில்லை. ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகள் எல்லாரும் சேரின் பிள்ளைகள். எஸ் எடுத்தவன் கருத்தரங்குக்குப் பிந்தி வந்தவன்.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தகரம் கொதிக்கிற அந்தப் பகல் முழுக்க ஒரு பிள்ளையும் கொட்டாவி விடுவதில்லை. மின்விசிறி பூட்டிய எத்தனையோ வகுப்பறைகளுக்கு அந்தப் பெருமை கிடையாது.