கவியரங்கத் தலைவர்

மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து புறப்படும் பூவராகப் பெருமாள், கிள்ளை தர்காவில் இஸ்லாமியர்கள் தரும் மரியாதையை ஏற்றுக்கொண்டு, முழுக்குத்துறையில் தீர்த்தவாரியும் முடித்து ஊர் திரும்பிவிடுவார். நம் கவியரங்கத் தலைவர் அதற்குள் அவை வணக்கத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்.

கடலூர், சிதம்பரம், பரங்கிப்பேட்டை என்று எல்லா ஊரிலும் இவர் உண்டு. கிள்ளைக்காரராக இருந்துவிட்டால் கூடுதல் வசதி: ஊர்ப்பெயரே கிளி என்பதால் முதல் சிலேடை இலவசம். கண்ணதாசன் தலைமையில் நடந்த கவியரங்கம்தான் இவருடைய பூர்வீகச் சொத்து. முதலில், கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டேன் என்றார். பிறகு மேடையோரம் நின்றதாக ஆயிற்று. இப்போது கவிஞர் இவரைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார்.

பாட வருபவரைத் தலைவர் கவிதையிலேயே அழைக்க வேண்டும் என்பது கவியரங்க மரபு. மரபை இவர் மீறுவதில்லை. மூன்றடி ஹைக்கூ வைத்திருக்கும் பையனுக்கு இருபத்து நான்கு அடியில் வரவேற்பு. ஒவ்வோர் அடியும் இரண்டு முறை. கைதட்டல் வராவிட்டால் மூன்று முறை.

முதலில் எழுபதைத் தாண்டிய தமிழாசிரியர். வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றில் முடிந்தாக வேண்டும். பெரியவர் ஒழுங்காக முடித்து உட்கார்ந்துவிடுவார். அதன்மேல் தலைவர் தொடங்கும் பாராட்டுரைதான் எந்த வாய்பாட்டிலும் முடியாது. அடுத்தவர், 1971இல் கோவையில் கிளம்பிய வானம்பாடிக் காற்று தொட்ட புதுக்கவிதைக்காரர். தாடி நரைத்துவிட்டது, விடியல் மட்டும் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. வெண்பா வாசிக்கும்போது இவர் கூரையைப் பார்ப்பார். இவர் வாசிக்கும்போது தமிழாசிரியர் விரல்விட்டுச் சீர் எண்ணி, உதட்டைப் பிதுக்குவார்.

சேக்கிழாருக்குத் தில்லையில் இறைவனே அடியெடுத்துக் கொடுத்ததாகச் சொல்வார்கள். தலைவரும் கொடுப்பார், கேட்காமலே, பாதிக் கவிதையில்.

சொந்தச் சரக்கு ஒன்று இவரிடம் நிரந்தரமாக உண்டு. 2004 ஆழிப்பேரலையின் வேகத்தைப் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு தணித்ததைப் பற்றிய நூற்றுச் சொச்சம் அடி. தலைப்பு ‘தாய்மை’ என்றால் காடு தாயாகும். ‘நட்பு’ என்றால் தோழன். உள்ளாட்சித் தேர்தல் சமயத்தில் அதே காடு நல்ல வேட்பாளராகவும் நின்றிருக்கிறது. நல்ல கவிதைதான், குறை சொல்லக்கூடாது. அலைக்குத் தப்பியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. அந்த இடம் வரும்போது சுண்டல் பொட்டலத்தின் சரசரப்புகூட நின்றுவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ தொடங்கிப் புதுக்கவிதைக்கு இடம் கொடுத்ததிலிருந்து மூண்டது மரபுக்கவிதைக்கும் புதுக்கவிதைக்குமான சண்டை. பெரிய ஊர்களில் இரு கட்சிக்கும் தனித்தனிக் கூட்டம், தனித்தனிக் காப்பி. இங்கே வெண்பாவையும் விடியலையும் ஹைக்கூவையும் ஒரே பெஞ்சில் உட்கார வைப்பது தலைவர்தான். நாற்காலி இரவல் வாங்குவது, மைக்செட்காரருக்குப் பாக்கி சொல்வது, வராதவரைப் போனில் மிரட்டுவது எல்லாம் அவர் ஒருவரே. இவ்வளவுக்கும் கூலியாக மைக்கைக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்கிறார்.

கடைசியாக, சிதம்பரத்துக் கல்லூரி மாணவி செல்போனைப் பார்த்து வாசிப்பாள்.

“ஏம்மா, அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாங்க ஐயா. நாளைக்கு ஸ்டேட்டஸ்ல போடுவேன். நிறையப் பேர் பாப்பாங்க.”

தலைவரின் முகம் மலரும். பை திறக்கும். தாள்கட்டு வெளியே வரும்.

“அப்படின்னா நம்ம சுரபுன்னையையும் போட்டுடும்மா.”

“ஸ்டேட்டஸ்ல அவ்வளவு நேரம் நிக்காதுங்க ஐயா.”

“அதனாலென்ன, துண்டு துண்டா வெட்டிக்கலாம். மொதல்ல முன்னுரை. அது ஒரு பதினஞ்சு துண்டு வரும்.”