தக்காளி சாலட்டின் அடிச்சாறு: மூலபாடமும் உரைமரபும்

பழுத்த தக்காளி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லித்தழை, உப்பு ஆகிய ஐந்தும் ஒரு கிண்ணத்தில் கூடுவது தக்காளி சாலட் எனப்படும். செய்ய ஐந்து நிமிடம், தின்ன அதைவிடக் குறைவு. முன்னுரை, இயல் பகுப்பு, பின்னிணைப்பு எவையும் இல்லாமலே மக்கள் இதைத் தின்றுவருவது ஆய்வுலகுக்கு நேர்ந்த தலைக்குனிவு. அதைத் துடைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் எல்லை வகுத்தல். தயிர் விட்டால் அது பச்சடி. ஊறிய பாசிப்பருப்பு சேர்ந்தால் கோசுமல்லி. இரண்டும் வேறு துறையினரின் அதிகார வரம்பு. நுழைந்தால் சண்டைக்கு வருவார்கள். கருதுகோள் வருமாறு: தக்காளி நன்றாக இருந்தால் சாலட் நன்றாக இருக்கும். இதை நிறுவ முந்நூறு பக்கமும் உதவித்தொகையும் வேண்டும் என்றாலும், இடம் கருதிச் சுருக்கியுள்ளேன்.

தோற்றமும் வளர்ச்சியும்

தென்னமெரிக்காவின் மேற்குப் பகுதியில் தோன்றி, மெக்ஸிகோவில் பயிராகி, 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கப்பலில் ஐரோப்பாவுக்குப் போன தக்காளி, போர்ச்சுக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது என்பது பொதுக் கருத்து. இயலை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் தமிழில் தோற்ற இயல் என்றால் சங்க இலக்கியத்தைத் தொட்டுக் கும்பிட்டாக வேண்டும்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை மூச்சுவிடாமல் அடுக்கியிருக்கிறார். தக்காளிப் பூ இல்லை. அன்று இங்கே தக்காளி இல்லை என்று இதற்குப் பொருள் கொள்வது பாமரர் வழக்கம். ஆய்வாளர் வழக்கம் வேறு: நூறாவது பூவைக் கபிலர் சொல்லாமல் விட்டதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும், அது தக்காளியாக ஏன் இருக்கக்கூடாது? இந்த ‘ஏன் இருக்கக்கூடாது’ என்ற ஒற்றைத் தூணை நம்பி எத்தனை நூல்கள் நிற்கின்றன என்று எண்ண உட்கார்ந்தால் சாலட் ஆறின கஞ்சியாகிவிடும். மணத்தக்காளிக் கீரையைக் கொடியாகப் பிடித்துத் தக்காளியை ஈராயிரம் ஆண்டு பின்னால் இழுத்துக் கட்டும் பணியை, வேண்டுவோர் விழா மலர் எதிலேனும் செய்துகொள்க.

காயா, பழமா

இவ்வினாவை அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1893இல் விசாரித்துவிட்டது. வழக்கு ‘நிக்ஸ் எதிர் ஹெட்டன்’. 1883ஆம் ஆண்டுச் சட்டப்படி இறக்குமதியாகும் காய்கறிக்கு 10 சதவீதத் தீர்வை, பழத்துக்கு இல்லை. தக்காளி பழம்தானே, கட்டிய பணத்தைக் கொடு என்றார்கள் வணிகர்கள். இரு தரப்பும் நீதிமன்றத்தில் அகராதியைத் திறந்து வாசித்தார்கள். தாவரவியல் எதையும் சொல்லட்டும், மக்கள் இதைச் சாப்பாட்டோடு தின்கிறார்கள், சாப்பாடு முடிந்த பிறகு இனிப்புக்குப் பதிலாகத் தின்பதில்லை. ஆகவே காய்கறி என்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்த்தார்கள். நம்மூர்ப் பந்தியில் கேரியர் தூக்கும் பையனைக் கேட்டிருந்தால் வக்கீல் செலவு மிச்சம். எது எந்த வரிசையில் வரும், இலையில் எந்த மூலையில் விழும் என்பதில் அவனுக்கு ஒருநாளும் ஐயம் வந்ததில்லை.

வெங்காயம்

சின்னது.

பச்சை மிளகாய்

விதையோடு.

தக்காளி வகைப்பாடு

நாட்டுத் தக்காளி தட்டையாக உருண்டிருக்கும். காம்பைச் சுற்றி வரிவரியாகப் பள்ளம். பழம் சிவந்த பிறகும் தோளில் ஒரு பச்சைச் சாயல். தோல் மெல்லிசு என்பதால் பையின் அடியில் போட்டால் வீடு வருமுன் ரசமாகிவிடும். பெங்களூர்த் தக்காளி எனப்படுவது கெட்டித் தோல், ஒரே நிறம், வாரக்கணக்கில் முகம் மாறாத பொறுமை. லாரிக்கு அதுதான் சௌகரியம். சாலட் தின்பது லாரியாக இருந்தால் ஆட்சேபம் இல்லை.

அந்தப் பச்சைத் தோளைச் சற்றுக் கவனிக்க வேண்டும். அன்னஞ்சி என்னும் உள்ளூர் ரகத்திலிருந்து சடுதிமாற்றத்தால் பெற்ற பெரியகுளம் ரகமான பி.கே.எம். 1க்கும் அது உண்டு. உலகெங்கும் பழம் ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்று பல பத்தாண்டுகள் தேர்ந்து தேர்ந்து வளர்த்ததில், காயில் பச்சையம் வளர்க்கும் மரபணு ஒன்று முடங்கி, பழத்தின் சர்க்கரையும் குறைந்தது என்று 2012இல் ‘சயன்ஸ்’ இதழில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். கடையில் “தோளெல்லாம் பச்சையா இருக்கே, நல்லதாப் பார்த்துப் போடுப்பா” என்று ஒதுக்குபவர் எதை ஒதுக்குகிறார் என்பது இப்போது விளங்கும்.

ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்றால், கூடாது. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வில் தக்காளியை 5 டிகிரி செல்சியஸில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தார்கள். மணம் தரும் மரபணுக்கள் சுருண்டு படுத்துக்கொண்டன. வெளியே எடுத்து வைத்த பிறகும் மணம் முழுதாகத் திரும்பவில்லை. 2023 ஜூலையில் விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டி, அரசே ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்ற நாட்களில் இத்துறை ஆய்வுகள் கோட்பாட்டளவில் மட்டுமே நடைபெற்றன.

அடிச்சாறு

இனி நூலின் உயிர்நிலை. நறுக்கிய தக்காளியில் உப்பு விழுந்து பத்து நிமிடம் போனால் கிண்ணத்தின் அடியில் சாறு தேங்கும். வெளிறிய சிவப்பு; ஓரத்தில் வெங்காயத்தின் ஊதா லேசாகக் கசிந்திருக்கும். வழுவழுப்பான உறை கழன்றும் கழலாமலும் நாலைந்து தக்காளி விதைகள் மிதக்க, அவற்றோடு ஒன்றுமறியாத பிள்ளைபோல ஒரு மிளகாய் விதையும் கிடக்கும்.

உப்பு உள்ளேயிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. பள்ளியில் சவ்வூடு பரவல் என்று படம் வரைந்து மதிப்பெண் வாங்கியதுதான். ஆனால் வருவது வெறும் நீர் அன்று. ஜப்பானில் கிகுனே இகேதா 1908இல் கடற்பாசியிலிருந்து பிரித்து, உமாமி என்று பெயரிட்ட சுவைக்குக் காரணமான குளுட்டமிக் அமிலம் தக்காளியிலும் உண்டு. அதிலும் சதையைவிட விதையைச் சூழ்ந்த கூழில்தான் அதிகம் என்று இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வு 2007இல் காட்டியது. அந்தக் கூழ் கரைந்துதான் அடியில் நிற்கிறது. டி.வி. சமையலில் விதையை வழித்துத் தள்ளிவிட்டுச் சதையைச் சதுரம் சதுரமாக அடுக்குகிறவர்கள், மூலத்தை எறிந்துவிட்டு அட்டையைப் பதிப்பிக்கிறவர்கள்.

சாறு எவ்வாறு வெளிப்படுகிறது என்பதில் இரு கட்சி உண்டு. வைணவத்தில் குரங்குக்குட்டி, பூனைக்குட்டி என்று இரு நியாயம் சொல்வார்கள்: குட்டி தானே தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலை, தாயே கவ்வித் தூக்கிப் போகும், குட்டி சும்மா இருந்தால் போதும் என்பது தென்கலை. தக்காளி தன் பழுப்பின் பலத்தால் தானே சாறு விடும், உப்பைக் கடைசியில் போடு என்பவர் முதற் கட்சி. தக்காளியால் ஆவது ஒன்றுமில்லை, எல்லாம் உப்பின் கருணை, முதலிலேயே தூவிவிடு என்பவர் இரண்டாங் கட்சி. நான் இரண்டாங் கட்சி. நடுநிலை ஆய்வாளன் கட்சி சேரலாமா என்று கேட்பவர் எந்தத் துறையிலும் பணியாற்றியிராதவர்.

இக்கருத்தை நிறுவ மூலபாடம் வேண்டும். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். இன்றைய பதிப்பாசிரியருக்கு அவ்வளவு அலைச்சல் இல்லை. பழைய பதிப்பை ஸ்கேன் செய்து, தன் புகைப்படத்தோடு ஒரு முன்னுரை சேர்த்தால் போதும். நான் நடுவழி பிடித்துச் சமையலறை இழுப்பறை வரை சென்றேன். கிடைத்த பிரதிகள் மூன்று.

‘அ’ பிரதி, தினசரி நாட்காட்டித் தாளின் பின்புறம், பென்சில் எழுத்து: “தக்காளி நறுக்கி உப்பு போட்டு வை” (இழுப்பறை, இடப்பக்கம், ரப்பர் பேண்டுக்கும் பழைய கேஸ் ரசீதுக்கும் இடையில்). ‘ஆ’ பிரதி, பால் கணக்கு நோட்டின் கடைசித் தாள்: “தக்காளி நறுக்கி வை. உப்பு”, அதன்பின் எண்ணெய்க் கறை. ‘இ’ பிரதி, சித்தி அனுப்பிய வாட்ஸப் குரல்பதிவு. முக்கியமான இடத்தில் குக்கர் விசில் அடித்ததால் பாடம் சிதைந்துள்ளது.

‘ஆ’ பிரதியின் எண்ணெய்க் கறை பற்றி இரு கொள்கை நிலவுகிறது. மூலத்தில் நல்லெண்ணெய் ஒரு சொட்டு இருந்தது, எழுத்து அழிந்து பொருளே எஞ்சிவிட்டது என்பது ஒன்று. இதைவிட வலுவான அகச்சான்று உலகில் எந்த நூலுக்கும் கிடைத்ததில்லை: சொல் போய்விட்டது, சொல்லப்பட்டது தாளிலேயே இருக்கிறது. அந்தத் தாளின் மேல் யாரோ மெதுவடை வைத்தார்கள் என்பது மற்றொன்று. வடைக் கொள்கையினர் கறையின் வட்ட வடிவத்தையும் நடுவே கறைபடாத சிறு வட்டத்தையும் சான்று காட்டுவர். அச்சிறு வட்டம் சுழியம், அதாவது ‘எண்ணெய் பூஜ்யம்’ என்று எழுதியதன் எச்சம் என மூன்றாவது கொள்கை ஒன்றை இதை எழுதும்போதே கண்டுபிடித்தேன். பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்றுக்கு அனுப்பியுள்ளேன். கட்டணம் கட்டியாயிற்று, ஆகவே ஏற்கப்பட்டுவிடும்.

மூன்று பிரதியிலும் உப்பின் அளவு இல்லை. அச்சான சமையல் நூல்களோ ‘தேவையான அளவு’ என்று முடித்துவிடும். தமிழில் இவ்வளவு சுருங்கிய நூற்பா வேறில்லை. யாருக்குத் தேவையான அளவு? தக்காளிக்கா, தின்பவருக்கா, தின்பவரின் பிரஷர் மாத்திரையை எழுதித் தந்தவருக்கா? பாட்டி உரை: “கைக்குத் தெரியும்.” இது பொழிப்புரை. அத்தையின் விருத்தியுரை: “எங்க வீட்டுல ரெண்டு விரல்ல கிள்ளிப் போடுவோம், உங்க வீட்டுல அள்ளித்தான் போடுவாங்க” (அத்தை, வாய்மொழி, கல்யாண வீடு, இரண்டாம் பந்தி, ரசம் வருமுன், மாமா இதை வழிமொழிந்தார் எனினும், அவர் வாயில் சோறு இருந்தமையால் “ம்” என்பது உடன்பாடா, தண்ணீர் கேட்டதா என்பது துணியப்படவில்லை, காண்க: அதே பந்தி, பக்கத்து இலை, கை கழுவும் இடத்தில் நடந்த பின்னுரையாடல், செவிவழி, தட்டச்சுப்படி கிடைக்கவில்லை). “உங்க வீட்டுல” என்பது மூல உரையா, இடைச்செருகலா என்று அம்மா இன்றளவும் விசாரித்துவருகிறார்.

சாறு யாருக்கு உரியது என்பது அடுத்த சிக்கல். பரிமாறும்போது கரண்டி துண்டுகளை மட்டுமே அள்ளும். சாறு கிண்ணத்தோடு தங்கிவிடும். ஆகவே சாறு பந்தியின் சொத்து அன்று, கிண்ணத்தைக் கழுவ எடுத்துச் செல்பவரின் சொத்து. அடுக்களைக்குள் கிண்ணம் நுழைந்ததும், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, கிண்ணத்தை வாயோடு சாய்த்து ஒரே மடக்கில் முடிப்பதே மரபு. இட்லி மிச்சமிருந்தால் தொட்டுக்கொள்ளலாம் என்போரும் உளர். இட்லி பாதியை உறிஞ்சிவிடுகிறது என்பதால் நான் உடன்படவில்லை. இவ்வுரிமை எழுதப்படாத சட்டமாக இருப்பதால்தான் செல்லுபடியாகிறது. சாப்பிடுவோருக்குத் தெரிந்தால் கரண்டிக்குப் பதில் குழிக்கரண்டி கேட்பார்கள். இக்கட்டுரை அவர்கள் கண்ணில் படாது என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. ஆய்வுக் கட்டுரைகளை யாரும் படிப்பதில்லை.

மேலாய்வுக்குரிய களங்கள்

இந்தத் தலைப்பு இருந்தாக வேண்டும் என்பது விதி. தேங்காய்த் துருவல் சேர்க்கலாமா என்பது விரிவாக ஆராயத்தக்கது. நாகர்கோவில் பக்கத்துச் சமையலறைகளில், வேளைக்கு ஒரு வீடாகக் களஆய்வு செய்ய வேண்டியிருக்கும். பயணப்படி எதிர்பார்க்கப்படுகிறது.