இயந்திரத்துக்கு ஒரு குமாஸ்தா வேலை

கூகுள் டீப்மைண்ட் தலைவர் டெமிஸ் ஹஸ்ஸாபிஸ் சொல்லும் சோதனை அபாரமானது. 1911 வரை மனிதகுலம் அறிந்ததை மட்டும் செயற்கை நுண்ணறிவுக்கு ஊட்ட வேண்டும். 1915இல் ஐன்ஸ்டீன் எட்டிய பொதுச் சார்பியலை அதுவும் தானாக எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். எட்டினால் சுயபுத்தி உண்டு. இதைவிட நியாயமான தேர்வு ஏது?

நியாயம் என்று வந்துவிட்டால் முழுசாகவே வரட்டும்; ஐன்ஸ்டீன் பட்டதையெல்லாம் இயந்திரமும் படட்டும். இயந்திரம் முதலில் பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாக வேலை கேட்டு எழுத வேண்டும். யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பிறகு, நண்பனின் அப்பா சிபாரிசில், பெர்ன் காப்புரிமை அலுவலகத்தில் மூன்றாம் நிலைப் பணி. அடுத்தவன் கண்டுபிடிப்பு புதிதா பழசா என்று பார்க்கிற உத்தியோகம், வாரத்தில் ஆறு நாள். காலடி ஓசை கேட்டால் சொந்தக் கணக்கை மேஜை இழுப்பறைக்குள் தள்ளத் தெரிந்திருக்க வேண்டும். பதவி உயர்வு கேட்டால், இயந்திரத் தொழில்நுட்பம் இன்னும் முழுசாகக் கைவரவில்லை என்று மறுத்துவிட வேண்டும். ஐன்ஸ்டீனுக்கு அப்படித்தான் மறுத்தார்கள். இயந்திரத்திடம் சொன்னால் இன்னும் நன்றாக உறைக்கும்.

இத்தனையும் தாங்கி, ஒருநாள் அது ‘நிறை இருக்குமிடத்தில் காலமும் வெளியும் வளைகின்றன’ என்று எழுதிவிட்டது என்று வையுங்கள். 1911 நூலகத்தைத் தலைகீழாகப் புரட்டினாலும் ஆதாரம் கிடைக்காது. விடை திருத்துபவர்கள் நல்ல பயிற்சி பெற்றவர்கள். ‘உளறல்’ என்று குறித்து, அடுத்த பதிப்பில் சரிசெய்துவிடுவார்கள்.

அடுத்த பதிப்பு நியூட்டனை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கும். முதல் மதிப்பெண் அதற்குத்தான்.