பக்கி கட்டும் பெருந்தகை

தென் கலிபோர்னியாவின் புறநகர்களில், இரண்டு கார்கள் நிறுத்துவதற்கென்று கட்டிய கொட்டகையில் ஒன்றுகூட நிற்காமல், குடும்பத்தின் கார்கள் வெளியே வெயிலில் காய்ந்துகொண்டிருந்தால், அவ்வீட்டில் பக்கி கட்டும் பெருந்தகை ஒருவர் வாழ்கிறார் என்று ஐயமின்றி முடிவு செய்யலாம். பக்கி என்பது எஃகுக் குழாய்களை வளைத்து வெல்டிங் செய்த கூட்டுக்குள்ளோ ஃபைபர்கிளாஸ் உடலுக்குள்ளோ இருக்கைகளைப் பொருத்தி, மணல்மேட்டிலும் பாலைத் தடத்திலும் ஓட்டுவதற்காகச் செய்யப்படும் வண்டி. ஓட்டுதல் என்பது இவ்வரையறையில் தவிர்க்க முடியாத பகுதி என்று பெருந்தகை கருதுவதில்லை.

இவ்வினத்தார் வணங்கும் மூலவர் புரூஸ் மேயர்ஸ். அவர் 1964இல் நியூபோர்ட் பீச்சில் ஃபைபர்கிளாஸ் உடல் கொண்ட ‘மேயர்ஸ் மேங்க்ஸ்’ பக்கியை உருவாக்கினார். 1967இல் அதை மெக்ஸிகோவின் லா பாஸிலிருந்து டிஹுவானா வரை 35 மணி நேரத்துக்குள் ஓட்டியும் காட்டினார். அவருடைய உடற்கூட்டை விலைக்கு வாங்கியோர், பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் அடித்தட்டை 14¼ அங்குலம் வெட்டிக் குறுக்கி, ஜெர்மானியர் செய்து கொடுத்த எஞ்சினோடும் கியர்பாக்ஸோடும் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். பெருந்தகையால் பொறுத்துக்கொள்ள முடியாதது இந்தச் சிக்கனந்தான்.

பீட்டிலின் 1200 சி.சி. எஞ்சின் தந்தது ஏறத்தாழ 40 குதிரைத்திறன்; எனவே அதை எறிந்துவிட்டு, 130 குதிரைத்திறனுள்ள 2.2 லிட்டர் சுபாரு எஞ்சினைப் பழைய இரும்புக் கடையிலிருந்து அவர் கொண்டுவருகிறார். சுபாரு எஞ்சின், பீட்டில் கியர்பாக்ஸ் இரண்டின் போல்ட் துளைகளும் ஒன்றோடொன்று பொருந்தாதாகையால், இடையில் ‘அடாப்டர் பிளேட்’ எனப்படும் தடித்த அலுமினியத் தகடு தேவைப்படுகிறது. எஞ்சினின் சுழல்தண்டும் கியர்பாக்ஸின் உள்தண்டும் ஒரே அச்சில் அமைய வேண்டும் என்பதும், மயிரிழை பிசகினாலும் பேரிங்குகள் தேய்ந்து கிளட்ச் சரிவர விடுபடாது என்பதும் உண்மையே. ஆயத்தமாகக் கடையில் விற்கும் அத்தகட்டைத் தாமே கடைந்தெடுப்பதற்காகப் பல ஆயிரம் டாலருக்கு லேத்தும் மில்லிங் இயந்திரமும் வாங்கிப் போட்டுவிட்டு, தகட்டின் விலை மிச்சமாயிற்று என்று மனைவியிடம் அவர் கணக்குச் சொல்வதுதான் ஆராய்ச்சிக்குரியது.

எடைச் சமநிலைக்காக எஞ்சினைப் பின் அச்சுக்கு முன்னால் நகர்த்தும் துணிச்சல்காரர்களும் உண்டு. பீட்டிலின் கியர்பாக்ஸும், சக்தியை இரு சக்கரங்களுக்கும் பகிரும் டிஃபரன்ஷியலும் ஒரே உறைக்குள் இருப்பதால், எஞ்சினோடு அவ்வுறையையும் முன்பின்னாகத் திருப்பியாக வேண்டும். திருப்பினால் சக்கரங்கள் எதிர்த்திசையில் சுழலும். உள்ளிருக்கும் பெரிய பற்சக்கரத்தை மறுபக்கத்துக்கு மாற்றிப் பொருத்த மறந்தவருக்கு, பின்னோக்கி ஓட நான்கு கியர்களும் முன்னோக்கி ஓட ஒரே ஒரு கியரும் வாய்க்கும். சிலருடைய திட்டம் முன்னேறும் வேகத்துக்கு இவ்விகிதம் மிகவும் பொருத்தமானது.

பேரிங் எளிதில் நுழைய, கியர்பாக்ஸ் உறையைச் சூடாக்க வேண்டும். அதற்கு ஏற்ற சாதனம் சமையலறை ஓவன். கியர் ஆயிலில் கலந்துள்ள கந்தகச் சேர்மத்தின் வாடை எளிதில் போகாதாகையால், நன்றி நவிலல் நாளுக்கு வேகும் வான்கோழி எந்தக் கொட்டகையைச் சேர்ந்தது என்பதை விருந்தினர் வாசலிலேயே அறிவர்.

அதே விடுமுறையில் இம்பீரியல் மணல்மேடுகளுக்கு வண்டி டிரெய்லரில் ஏறிப் போகிறது. அங்கே, கூடிய திறனைத் தாங்காமல் முதலில் கியர்பாக்ஸின் பற்கள் உதிர்கின்றன. பலப்படுத்திய பற்களோடு மறுமுறை போனால் சி.வி. ஜாயின்ட் சிதறுகிறது; சக்கரம் ஏறி இறங்கும்போதும் அச்சுத்தண்டு சீராகச் சுழலுமாறு, பள்ளங்களில் உருளும் எஃகுக் குண்டுகளால் அமைந்த மூட்டு அது. போர்ஷே 930 காருக்குரிய பெரிய மூட்டைப் போட்டால் அச்சுத்தண்டு முறிகிறது. தடித்த தண்டு போட்டால் முறிவு சக்கரக் குடத்துக்கு இடம் பெயர்கிறது. ஆண்டுதோறும் வேறொரு பாகம் உடைவதை வளர்ச்சி என்றும், சென்ற ஆண்டு உடைந்ததே மீண்டும் உடைவதை மட்டும் தோல்வி என்றும் அவர் வகுத்து வைத்திருக்கிறார். சக்தி வரும் வழி நெடுகிலும் எங்காவது ஓரிடத்தில் மெலிவு இருந்தே தீரும் என்பது அவருக்கும் தெரியும். தெரியாததுபோல் நடந்துகொள்வதில்தான் அவருடைய மகிழ்ச்சி முழுவதும் இருக்கிறது.

இத்தகையவர் வீட்டுக்குச் செல்ல நேரும் வாசகர்கள், “வண்டி எப்போது ஓடும்?” என்று மட்டும் கேட்க வேண்டாம். “இந்த முறை எது உடைந்தது?” என்று கேட்டால் காபி கிடைக்கும், ஆனால் இரவு உணவுக்குள் வெளியே வர முடியாது.