கழியட்டு அண்ணாச்சி

வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ ஏதாவது ஒரு மாடியறையில் இவரைப் பார்க்கலாம். ஒரு கம்ப்யூட்டர், அதற்கு ஒரு செத்துப்போன யுபிஎஸ். கல்யாணப் பத்திரிகை, ஆல்பம், கட்சி பிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் டிசைன் செய்வார். முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே. ஆகவே பி.எஃப். பிடிக்க ஆளில்லை.

"அண்ணாச்சி, வயசான காலத்துக்கு ஏதாவது போட்டு வச்சிருக்கியளா?"

"ஓணம் கழியட்டு மக்கா, ஆரம்பிச்சிரலாம்."

ஓணம் கழியும். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி திருவனந்தபுரம் போய்த் திரும்ப வேண்டும். பிறகு தீபாவளி, டிசம்பர் 3இல் கோட்டார் சவேரியார் திருநாள், கிறிஸ்துமஸ், சுசீந்திரம் மார்கழித் தேர், நாகராஜா கோயில் தைத் திருவிழா, மாசியில் மண்டைக்காட்டுக் கொடை. மதபேதம் பார்க்காதவர் அண்ணாச்சி; எல்லாமே கழிந்தாக வேண்டும்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. தவக்காலத்தில் சர்ச் கல்யாணம் இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணங்கள் இல்லை. வருஷம் முழுக்க வரும் வேலை கண்ணீர் அஞ்சலி ஒன்றுதான். அழுகிற வீட்டில் காசு கேட்க அவருக்குக் கூச்சம்.

2015இல் அடல் பென்ஷன் திட்டம் வந்தபோது அவருக்கு முப்பத்தாறு வயது. அறுபதிலிருந்து மாதம் 5000 ரூபாய் வர, பதினெட்டில் சேர்பவர் மாதம் 210 கட்டினால் போதும், முப்பதில் சேர்ந்தால் 577, அவருக்கு 990. "சிட்டி ஒண்ணு ஓடுது, அது கழியட்டு" என்றார். அந்தச் சீட்டை ரெண்டாம் மாதமே தள்ளி எடுத்துக் கேமரா வாங்கியவர், மிச்ச மாதமெல்லாம் தவணை கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் விசாரித்தபோது தொகை 1087. "பாத்தியா டே, கூட்டிக்கிட்டே போறான். கொஞ்சம் கொறையட்டு" என்று காத்திருந்தார். கூடியது திட்டத்தின் விலையில்லை, தம் வயது என்பதைக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. நாற்பதைத் தாண்டியதும் கதவு சாத்தியாயிற்று. தேசிய ஓய்வூதியத் திட்டமான என்பிஎஸ் 2009 மே மாதத்திலிருந்தே எல்லாருக்கும் உண்டு. ஆனால் அதில் அறுபது கடந்தவரும் சேரலாம் என்று யாரோ புண்ணியவான் சொல்லிவிட, அந்த அவசரமும் போயிற்று.

சொந்தத் திட்டங்கள் வேறு இருக்கின்றன. குலசேகரம் பக்கம் ஒரு ஏக்கர் ரப்பர். ஏழாம் வருஷம் பால் வெட்டு, அப்புறம் இருபத்தஞ்சு வருஷம் உட்கார்ந்து சாப்பாடு. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் எத்தனை வெட்டு நாள் மழையோடு போகும் என்பது அந்தக் கணக்கில் வராது. நிலமும் வராது. கையில் இருப்பது இறச்சகுளத்தில் மூன்று சென்ட், அதுவும் அண்ணன் தம்பி வழக்கில்.

அவருடைய மச்சினன் அரசுப் பள்ளி ஆசிரியர். 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்ததால் பழைய ஓய்வூதியம் இல்லை. அந்த அநியாயத்தை டீக்கடையில் அண்ணாச்சி விளக்கும்போது கண் கலங்கும். போராட்ட பிளெக்ஸ்கூட அவர் உபயம்தான், காசு வாங்கவில்லை.

துருவித் துருவிக் கேட்டால், "மகன் பாத்துக்கிடுவான்" என்பார். மருமக்கள்வழி நடந்த காலத்தில் நாஞ்சில் நாட்டுக் காரணவரை, அதாவது குடும்பத் தலைவரை, அக்கா தங்கை மக்கள் பார்த்துக்கொண்டார்கள், சொத்து அவர்களுக்குத்தானே போகும்! பெண்டாட்டி பிள்ளைகள் பட்ட பாட்டைக் கவிமணி ஒரு நூலாகவே பாடிச் சிரிக்க வைத்துவிட்டார். அந்த முறை போய், மகன் காலம் வந்தது. அண்ணாச்சியின் மகன் பெங்களூருவில் இருக்கிறான். அவனும் ஃப்ரீலான்ஸ்தான். பென்ஷன் பற்றிக் கேட்டால், "இந்த பிராஜெக்ட் கழியட்டுப்பா" என்கிறான்.

என்பிஎஸ் கணக்கில் வருஷத்துக்கு 1000 ரூபாய் கட்டினாலே அது உயிரோடு இருக்கும். ஆகவே உங்கள் வீட்டு விசேஷத்துக்கு இவரிடம் பிளெக்ஸ் அடித்தால், காசை அவர் கையில் கொடுக்காதீர்கள். அவர் மனைவி மைனியிடம் கொடுங்கள்.