முன்னால் போய் நிற்பவர்

நாலு பேர் சேர்ந்து நடக்கக் கிளம்பினால் கூப்பிடு தூரம் முன்னால் போய், இடுப்பில் கைவைத்துத் திரும்பி நிற்பாரே, அவரைத்தான் சொல்கிறேன். அலிபிரி படிக்கட்டில் பார்த்திருப்பீர்கள். தி.நகரில் மனைவிக்குப் பத்துக் கடை முன்னால் நின்று கடிகாரம் பார்ப்பவரும் இவர்தான். எங்கள் குழுவில் இவருக்குக் கேப்டன் என்று பெயர். யாரும் சூட்டவில்லை. வாட்ஸ்அப் குரூப்பை ஆரம்பித்தவர் அவர். ஆரம்பிக்கும்போதே அப்படித்தான் எழுதியிருந்தது.

வேகமாக நடப்பது குற்றமில்லை. நின்று காத்திருப்பது பெருந்தன்மை என்றுகூடச் சொல்லலாம். கோளாறு அதற்கடுத்த நொடியில் இருக்கிறது. மூச்சு வாங்க, சட்டை முதுகில் ஒட்ட, அவர் நிற்கும் இடத்தை ஒருவழியாக எட்டுகிறோம். பாட்டில் மூடியில் கை வைக்கிறோம். இன்னும் திருகவில்லை. "போலாமா சார்?" என்பார். பதில் வருவதற்குள் அவர் முதுகுதான் தெரியும்.

இதிலுள்ள கணக்கைக் கவனியுங்கள். இரும்புலியூரில் கிளம்பிக் கூடுவாஞ்சேரி வரை நடப்பதாக வைத்துக்கொள்வோம். வழியில் பத்து இடத்தில் அவர் நிற்கிறார், இடத்துக்கு ஐந்து நிமிடம். அவருக்கு ஐம்பது நிமிட ஓய்வு. பின்னால் வருகிறவருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை, ஏனென்றால் அவர் வந்து சேர்வதுதான் ஓய்வு முடிந்ததற்கான மணி. நடந்த தூரம் இருவருக்கும் ஒன்று. ஆனால் கூடுவாஞ்சேரியில் இவர் நெற்றியில் வைத்த விபூதி கலையாமல் நின்று, "எனக்கு டயர்டே தெரியலை பாருங்க. எல்லாம் பிராக்டிஸ்தான்" என்பார். எப்படித் தெரியும்? மொத்த அசதியையும் எங்கள் தலையில் கட்டிவிட்டு ஐம்பது நிமிடம் சுவரில் சாய்ந்திருந்தவருக்கு!

இவருக்கு வீடு எங்கே என்றால் தாம்பரம் சானடோரியத்தில். 1928இல் டாக்டர் சௌரி முத்து அங்கே காசநோய்க்கு மருத்துவமனை தொடங்கியபோது அந்த நோயைக் கொல்லும் மருந்து உலகத்தில் எங்குமே கிடையாது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, நல்ல ஓய்வு, இவைதான் வைத்தியம். ஓய்வை மருந்தாகக் கொடுத்துப் பேர்பெற்ற ஊரில் குடியிருந்துகொண்டு, அடுத்தவருக்கு அரை நிமிடம் மூச்சுவிட இடம் கொடுக்க மாட்டேன் என்கிறார்.

டீ விஷயத்திலும் இதே கதை. வாங்கித் தருவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. காசு கொடுக்க நம்மை விடவே மாட்டார். பெருங்களத்தூரில் கடைக்கு முதலில் போய் நாலு டீ சொல்லி, காசும் கொடுத்து, தன் டீயை ஆற அமரக் குடித்து முடித்திருப்பார். நாம் போய்ச் சேரும்போது நம் மூன்று கிளாஸும் பெஞ்சின் ஓரத்தில் ஆடை படிந்து நிற்கும். டீச்சர் அந்த ஆடையை விரலால் ஒதுக்கி வாயில் வைக்கும் நேரத்தில், "சீக்கிரம் சார், வெயில் ஏறிடும்."

டீச்சர் என்பவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எங்கள் குழுவில் கடைசியாக வருபவர். நாலாவது ஆள் சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு தம்பி. அவர் காதில் எப்போதும் பாட்டு ஓடிக்கொண்டிருப்பதால் இந்த வழக்கில் சாட்சி சொல்ல முடியாது.

ஏற்றப் பயிற்சிக்கு எங்களைத் திருநீர்மலைக்குக் கூட்டிப்போவார். மேலே அரங்கநாதர், அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள். திருமங்கையாழ்வார் இங்கே வந்தபோது மலையைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்திருந்ததாம். அது வடிவதற்காக ஆறு மாதம் காத்திருந்து சேவித்துவிட்டுப் போனார் என்கிறது தலபுராணம். அந்த மலையின் உச்சிப் படியில் நின்றுகொண்டு நம் கேப்டன் கீழே பார்த்துக் கத்துகிறார்: "டீச்சர், ஆறு நிமிஷமா நிக்கிறேன்!"

மற்றப் பழக்கங்களைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். விடிகாலை மூன்றரை மணிக்கு 'குட்மார்னிங் டீம்' போடுவார். எங்கே கேட்டாலும் "இன்னும் ரெண்டே கிலோமீட்டர்தான்" என்பார். ஊரப்பாக்கத்திலும் அதே ரெண்டு, மறைமலைநகரிலும் அதே ரெண்டு. ஷூவை ஒரு அளவு பெரிதாக வாங்கச் சொன்னதும், கொப்புளம் வராமலிருக்க விரலிடுக்கில் வாஸலின் தடவச் சொன்னதும் அவர்தான். இரண்டும் நல்ல யோசனை. மறுக்கவில்லை.

நாங்கள் பெயர் கொடுத்திருப்பது 100 கிலோமீட்டர் நடை. நாலு பேர் ஒரு குழு, 48 மணி நேரம் கெடு, ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்ட வசூல். இந்த வகை நடைக்கு அச்சு வார்த்தவர்கள் கூர்க்கா படைவீரர்கள். 1981இல் ஹாங்காங்கில் மெக்லிஹோஸ் மலைப்பாதையில் பயிற்சியாகத் தொடங்கினார்கள். 1986இல் ஆக்ஸ்ஃபாம் கைகோத்ததும் பொதுமக்களும் சேர்ந்துகொண்டார்கள். பிறகு அது பல நாடுகளுக்குப் பரவி, பெங்களூரு வரை வந்தது. இதில் பாதி கேப்டன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முழுவதும் அவர் வாயால் கேட்கவில்லை. நடந்துகொண்டே சொற்பொழிவு செய்வார், போகப் போகக் குரல் தேய்ந்துவிடும். முதல் பாதி நமக்கு, மறு பாதி முன்னால் போகும் தண்ணி லாரிக்கு.

டெர்ரி ஃபாக்ஸ் கதையும் பாதிதான் கிடைத்தது. கனடாக்காரப் பையன், புற்றுநோயில் வலது கால் போனது, 1980 ஏப்ரலில் செயற்கைக் காலோடு நாட்டின் குறுக்கே ஓடக் கிளம்பினான் என்பதுவரை கேட்டது. அதற்குள் கேப்டன் வண்டலூர் மேம்பாலத்தை நெருங்கிவிட்டார். 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடிய பிறகு நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த வேண்டிவந்ததையும், அடுத்த ஆண்டு இருபத்திரண்டு வயதில் அவன் இறந்துபோனதையும் வீட்டுக்கு வந்து நானே படித்துத் தெரிந்துகொண்டேன். அவன் பெயரில் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் நடக்கும் ஓட்டத்தில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வருகிறவர்களும் உண்டு. யார் முதலில் வந்தார் என்று அங்கே பரிசு கிடையாது. அந்த மறு பாதியைத்தான் கேப்டன் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

உட்காரலாமா என்று யாராவது கேட்டால் காந்தியை இழுப்பார். "அறுபது வயசுல தண்டிக்கு 385 கிலோமீட்டர் நடந்தார் சார்!"

"திங்கட்கிழமை திங்கட்கிழமை நடைக்கு லீவு விட்டாரே சார், அதைச் சொல்லலையே?" என்பார் டீச்சர். முப்பது வருடம் வரலாறு நடத்தியவரிடம் வாயைக் கொடுக்கலாமா? அதே 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்களோடு நடந்ததையும் அவரே எடுத்துவிட்டார். ஏப்ரல் 13ஆம் தேதி கிளம்பி 28ஆம் தேதி போய்ச் சேர்ந்தார்கள். சுமார் 240 கிலோமீட்டர். நாமக்கல் கவிஞர் எழுதிக்கொடுத்த பாட்டை வழியெல்லாம் பாடிக்கொண்டு போனார்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் உடம்புக்கு நல்ல வேகம் என்று இந்தக் காலத்து டாக்டர்கள் சொல்கிறார்கள். அந்தக் கணக்குப்படி ராஜாஜியின் படை உலாத்திக்கொண்டுதான் போயிருக்கிறது. ஆனாலும் வெள்ளைக்காரன் பயந்தான். சேர்ந்து பாட வேண்டுமென்றால் ஒருவர் குரல் மற்றவர் காதில் விழ வேண்டும், அவ்வளவு பக்கத்தில் நடக்க வேண்டும். கேப்டனோடு பாடினால் அவர் சரணத்தில் இருப்பார், நாம் பல்லவியில் இருப்போம்.

ஆகஸ்ட் மாதம் வேளாங்கண்ணிக்குப் போகிறவர்களைப் பாருங்கள். காவி உடுத்தி, சின்னத் தேரை ஒரு வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, சென்னையிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறார்கள். பலருக்குச் செருப்பே கிடையாது. அதில் பாட்டிகள் உண்டு, பள்ளிப் பிள்ளைகள் உண்டு. தேர் போகும் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். தேர் நின்றால் எல்லோரும் நிற்கிறார்கள், உட்கார்ந்ததும் சோறு வருகிறது. யாரும் யாரையும் பார்த்துக் கடிகாரத்தைக் காட்டுவதில்லை.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். நாலரை மணி இருட்டில் ஜி.எஸ்.டி. சாலையில் கடைசி ஆளாக நடந்து பாருங்கள். நடைபாதை விட்டு விட்டுத்தான் வரும். வரும் இடத்தில் பைக் நிற்கும். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு தெற்கே போகிற வெளியூர் பஸ்கள் அந்தப் பக்கம்தான் வளைகின்றன. நாய்கள் வேறு. முன்னால் போகிறவர் காலடிச் சத்தத்தில் அவை விழித்துக்கொள்ளும். எழுந்து, சோம்பல் முறித்து, யோசித்து, குரைத்துக்கொண்டு வருவது கடைசி ஆளிடம். எழுப்பிவிட்டவர் முந்நூறு மீட்டர் தள்ளிப் பத்திரமாக நிற்பார். அறுபது வயது தாண்டிய ஒரு பெண்ணைத் தனியாக அந்த இருட்டில் விட்டுவிட்டு, தெருவிளக்கின் கீழே நின்று "கம் ஆன் டீச்சர்" என்று கைதட்டுவதற்குப் பெயர் உற்சாகப்படுத்துவதா? முன்பின் தெரியாத பிள்ளைகளுக்காக 100 கிலோமீட்டர் நடக்கத் தயாராக இருக்கிற மனிதருக்கு, கூட வருகிற ஒருத்திக்காக நாலு அடி மெதுவாக வைக்க மனமில்லை. எனக்கு இது விளங்கவே இல்லை.

டீச்சர் புகார் சொல்லும் ஆளில்லை. தென்புறநகரில் நடைப்பயிற்சிக்குப் பெரிய எதிரி, சாலைக்குப் பக்கத்திலேயே செங்கல்பட்டு வரை ஓடும் ரயில் பாதை. கால் வலிக்கும்போதெல்லாம் ஒரு ஸ்டேஷன் வந்து தொலைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரப்பாக்கத்தில் டீச்சர் சத்தமில்லாமல் ஒதுங்கினார். ஐந்து ரூபாய் டிக்கெட். நல்ல நேரம், உடனே மின்சார ரயில் வந்தது. கேப்டன் கூடுவாஞ்சேரியை எட்டியபோது டீச்சர் அங்கே டீ குடித்து முடித்து, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றிருந்தார். கேப்டன் கடையைக் கண்டு கைக்குட்டையை எடுத்தார். "போலாமா சார்?" என்றார் டீச்சர்.

கேப்டன் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார். விஷயம் புரிந்ததும், "டீச்சர், ரயில்ல வந்ததெல்லாம் நடையில சேராது" என்றார்.

"நீங்க நின்னுக்கிட்டிருந்ததும் சேராது சார்" என்றார் டீச்சர்.

இத்தனைக்கும் அவரை விட்டுவிட முடியவில்லை. வசூலுக்கு அவரை விட்டால் எங்களுக்கு நாதியில்லை. மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் அவரோடு ஒருநாள் போனேன். மளிகைக் கடைக்காரர் வியாபாரத்தில் இருக்கிறார். கேப்டன் ஒரு வார்த்தை பேசாமல் ஓரமாக நிற்கிறார். பருப்பு நிறுக்கிறார்கள், எண்ணெய் எடுத்துத் தருகிறார்கள், ஒரு அம்மா வெல்லத்துக்குப் பேரம் பேசுகிறார். அரை மணி ஆயிற்று. கடைக்காரர் கல்லாவிலிருந்து ஐம்பது ரூபாய் எடுத்து நீட்டினார். கேப்டன் அதை இரண்டு கையாலும் வாங்கி, ரசீது எழுதி, பள்ளியைப் பற்றிச் சொல்லி, கும்பிட்டுவிட்டு அடுத்த கடையில் போய் மறுபடி நின்றார். எனக்கு மனசு இளகிவிட்டது. ஐம்பது ரூபாய்க்கு அரை மணி நேரம் காத்திருக்கத் தெரிந்த மனிதர்! உடனேயே எரிச்சலும் வந்தது. காத்திருக்கத் தெரிகிறது. டீச்சருக்குத்தான் கிடையாது.

கேப்டன் கடைசியில் வரட்டும் என்று ஒருமுறை தீர்மானம் போட்டோம். அனுபவசாலி ஒருவர் கடைசியில் வருவது மலையேற்றக் குழுக்களில் வழக்கம் என்று தம்பி காதிலிருந்ததைக் கழற்றிவிட்டுச் சொன்னார். கேப்டன் மகிழ்ச்சியாக ஒப்புக்கொண்டு பின்னால் வந்தார். சிவப்பு விளக்கில் நிற்கும்போது பின்னாலிருந்து ஹாரன் அடிக்கிற ஷேர் ஆட்டோ மாதிரி, டீச்சரின் குதிகாலை ஒட்டி வந்தார். "பள்ளம், லெஃப்ட்ல போங்க. அப்படித்தான். போங்க, போங்க, போங்க." சேலையூர் தாண்டுவதற்குள் டீச்சர் நின்று, "நீங்க முன்னாடியே போங்க சார், புண்ணியமாப் போகும்" என்று அனுப்பிவைத்தார். ராஜகீழ்ப்பாக்கத்தில் கேப்டன் வழக்கம்போல இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார்.

இனி எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஓய்வு என்பது கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகு தொடங்க வேண்டும். அவர் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஷூவுக்குள் போன கல்லை உதறி, லேஸ் கட்டி எழுந்த பிறகுதான் முடிய வேண்டும். இது எங்கள் சொந்தச் சட்டம்கூட இல்லை. இந்த வகை நடையில் ஒவ்வொரு சோதனைச் சாவடியையும் நாலு பேரும் சேர்ந்துதான் கடக்க வேண்டும். முதலில் போனவருக்குத் தனி நேரம் கிடையாது. நாலாவது ஆளின் கால் கோட்டைத் தாண்டும்போதுதான் குழுவின் கடிகாரம் நிற்கும். பதிவுப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. அதில் முதல் கையெழுத்து கேப்டனுடையது. படித்துவிட்டுப் போடுகிறோம் என்று நாங்கள் மூன்று பேரும் சொன்னோம். "அதெல்லாம் அப்புறம் படிச்சுக்கலாம், போடுங்க சார்" என்று பேனாவை நீட்டினார்.